எக்காளமும் உறுமியும்

சட்டனில் 280ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் ரோஸ்ஹில், மிச்சம் வழியாக டூட்டிங் போய்ச் சேரலாம். தென் லண்டன் தமிழரின் அன்றாடத்தில் பாதி அந்த ஒரு தடத்தில் அடங்கிவிடும். இடையில் வரும் அந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் ‘மிச்சம்’ என்றே வருகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் தங்கிய ஊருக்கு இப்படியொரு பெயர் அமைந்ததே என்று அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். அங்கே இறங்கி வாண்டில் ஆற்றுப் பக்கமாக நடந்தால் ஃபிப்ஸ் பிரிட்ஜ் கவுன்சில் குடியிருப்பு வரும். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலுமாக அலைந்துவிட்டு, 1986இல், பதினோராவது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் இருக்கையில், மாதங்கி அருள்பிரகாசம் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக அங்கே வந்து சேர்ந்தார். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும்.

அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அரசியலில் தொடங்கி அரசியலிலேயே முடிந்துவிடுகிறது. அவர் பிறந்த 1975ஆம் ஆண்டிலேயே லண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தின் தொடக்ககால உறுப்பினர் அவருடைய தந்தை அருளர். 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி வடக்கே போன தமிழரைப் பற்றி ‘லங்காராணி’ என்ற நாவலை எழுதியவரும் அவரே. தந்தையின் பெயரை மகள் முதல் இசைத்தொகுப்புக்கு வைத்தார். புலி உருவங்களை ஸ்டென்சில் ஓவியங்களாக வரைந்தார். 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னியைப் பற்றிப் பேசினார். இவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் ஒரு பாடகியின் தொழிலைக் காதால் கேட்டும் எடைபோட வேண்டும். அப்படிக் கேட்டால் அவருடைய இசை வாழ்க்கையின் கீல் ஒரு பிரேசில் பாட்டில் இருப்பது தெரியும். அந்தப் பாட்டு வழியாகத்தான் அவர் சென்னையின் உறுமிக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது என் வாதம். அது சரியென்றால், அந்தப் பாட்டை முதலில் பாடிய பிரேசில் பெண்ணின் கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையாகிறது.

ரியோ டி ஜனீரோவின் புறநகர்களில் 1970களில் கறுப்பின இளைஞர்கள் வார இறுதிகளில் பெரிய மண்டபங்களில் கூடி, ஜேம்ஸ் பிரவுன் போன்ற அமெரிக்கப் பாடகர்களின் இசைத்தட்டுகளுக்கு ஆடினார்கள். இந்த ஆட்டக் கூட்டத்துக்குப் போர்த்துக்கீசில் ‘பாய்லே’ என்று பெயர். அமெரிக்க ஃபங்க் இசை மங்கிய பிறகும் ‘பாய்லே ஃபங்க்’ என்ற பெயர் நிலைத்தது. 1980களில் அந்தப் பெயருக்குள் வேறொரு சத்தம் குடியேறியது. மயாமி நகரத்தில் டிரம் மெஷினில் செய்த, அடிவயிற்றில் மோதுகிற பேஸ் இசை அது. டிஜேக்கள் அமெரிக்காவிலிருந்து தட்டுகளைத் தருவித்தார்கள். ஆங்கிலம் புரியாத கூட்டம், பாட்டின் சொற்களைக் காதில் விழுந்தபடி போர்த்துக்கீசுச் சொற்களாக மாற்றிக் கத்தியது. புதிய இசை பிறந்தது அந்தக் கத்தலில்தான்.

இதை முதலில் ஊன்றிக் கவனித்தவர் எர்மானோ வியான்னா என்ற மானிடவியலாளர். ‘ஓ முண்டோ ஃபங்க் கரியோகா’ என்ற அவருடைய நூல் 1988இல் வந்தது. ஆய்வுக்காகப் பழகிய டிஜே மார்ல்பொரோவுக்கு அவர் ஒரு டிரம் மெஷினைக் கொடுத்தார். ஆய்வாளர், தான் ஆய்ந்த உலகத்தின் போக்கைத் தன் கையாலேயே மாற்றிவிட்டார். ‘ஃபங்க் பிரேசில்’ என்ற போர்த்துக்கீசு மொழித் தொகுப்பை மார்ல்பொரோ 1989இல் வெளியிட்டார். 1990களின் கடைசியில் மயாமி அடி பின்னுக்குப் போய், ‘தம்போர்சாவ்’ என்ற உள்ளூர் அடி முன்னுக்கு வந்தது. பெருமுரசு என்று அதை மொழிபெயர்க்கலாம். பிரேசில் கறுப்பினத்தவரின் காண்டொம்ப்ளே வழிபாட்டில் தெய்வத்தை இறக்கும் அத்தபாக்கே முழவின் அடிக்கு அது நெருங்கிய உறவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பழக்கம், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்த கருவிக்குள் புகுந்து திரும்பி வந்தது.

ரியோவின் நடுத்தர வர்க்கம் இதை இசையாகக் கேட்கவில்லை. 1992 அக்டோபரில் ஆர்ப்போடோர் கடற்கரையில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடிய நாளிலிருந்து ஃபங்க் என்றாலே குற்றம் என்றானது. பாய்லேக்களை நெருக்கும் சட்டங்கள் வந்தன. ஃபங்க் ஒரு பண்பாட்டு இயக்கம் என்று ரியோ மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொள்ள 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும், 2017இல், ஃபங்க்கைக் குற்றமாக்கக் கோரும் மனு ஒன்று பிரேசில் செனட் வரை போய் நிராகரிக்கப்பட்டது. சாவு வீட்டுச் சத்தம் என்று கானாவையும் பறையையும் ஒதுக்கி வைத்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வரலாறு பழகியதாகவே இருக்கும்.

டெய்ஸி டிக்ரோனா இந்த உலகத்துப் பெண். ஊர் சிடாடே டி டியூஸ், அதாவது கடவுளின் நகரம். 2002இல் வந்த திரைப்படம் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. நகரின் நடுவிலிருந்த ஃபவேலா என்ற குடிசைப் பகுதிகளை இடித்து, அங்கிருந்தவர்களைத் தள்ளிக் குடியேற்ற 1960களில் அரசு கட்டிய குடியிருப்பு அது. கடலோர வசதிகளுக்கும் வேலைகளுக்கும் எட்டாத தொலைவில் கட்டினார்கள். சென்னையில் கண்ணகி நகரைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. டெய்ஸி வீட்டு வேலை செய்தார், இரவில் பாய்லேக்களில் பாடினார். டிக்ரோனா என்றால் பெரிய பெண்புலி. ‘இன்ஜெசாவ்’ என்ற அவருடைய பாட்டு, ஊசி போட்டுக்கொள்வதைச் சொல்வதுபோல உடல் இன்பத்தைச் சொல்கிறது. ஆண்கள் மட்டுமே பேசிவந்த பச்சைப் பேச்சை ஒரு பெண் தன் வாயில் எடுத்துக்கொண்டு, வெட்கப்படாமல் சிரித்தபடி பாடியது அது. பாட்டின் தொடக்கத்திலேயே எக்காளம் முழங்கும். 1976இல் வந்த ‘ராக்கி’ படத்துக்கு பில் கான்டி அமைத்த புகழ்பெற்ற இசை. பிலடெல்ஃபியாவின் ஏழைக் குத்துச்சண்டைக்காரன் படிக்கட்டுகளில் ஓடி ஏறும்போது ஒலித்ததே, அதே எக்காளம்தான்.

பிலடெல்ஃபியாவில் அப்போது டிப்லோ என்ற டிஜே இருந்தார். ரியோவின் பாட்டுகளைச் சேர்த்து 2004இல் ‘ஃபவேலா ஆன் பிளாஸ்ட்’ என்ற மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில், ஃபேப்ரிக் என்ற நடன விடுதியில், அவரும் மாதங்கியும் சந்தித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த ‘அருளர்’ தொகுப்பில் ‘பக்கி டன் கன்’ இடம்பெற்றது. டெய்ஸியின் பாட்டை அடியாக வைத்துக் கட்டிய பாட்டு அது. ராக்கியின் எக்காளம் ரியோவுக்குப் போய், லண்டனில் ஒரு ஈழத்து அகதியின் குரலைத் தாங்கிக்கொண்டு, பிலடெல்ஃபியாக்காரரின் கைவழியாக அமெரிக்காவுக்குத் திரும்பியது. ‘அருளர்’ அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு தமிழ்ப்பெண்ணுக்கு ரியோவின் அடி ஏன் அவ்வளவு இயல்பாகப் பொருந்தியது? ஃபிப்ஸ் பிரிட்ஜில் அவர்களுடைய வீட்டில் திருட்டு நடந்து வானொலிப் பெட்டி போனதாகவும், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வந்த ஹிப்ஹாப்பைக் கேட்கத் தொடங்கியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். சுவரைத் தாண்டி வரும் பாட்டில் முதலில் தேய்ந்துபோவது மேல்சுரம். அடியும் பேஸும்தான் மிஞ்சும். சொல்லும் பாதிதான் காதில் விழும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பிள்ளை இசையை முதுகெலும்பில் வாங்கிக் கற்றுக்கொண்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ரியோவின் பாய்லேக்களும் ஆங்கிலப் பாட்டுகளை இப்படித்தான் கற்றன.

பிறகு அவர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். எலாஸ்டிகா இசைக்குழுவுக்கு 2000இல் உறை ஓவியம் செய்தார், அவர்களின் பயணத்தைப் படம்பிடிக்கப் போனார். அங்கே பீச்சஸ் என்ற கனடியப் பாடகி அவருக்கு ரோலண்ட் எம்.சி.505 என்ற கருவியைக் காட்டினார். சங்கீதம் கற்காதவரும் அதில் அடியைக் கட்டலாம், பேஸைச் சேர்க்கலாம், மேலே குரல் கொடுக்கலாம். முதல் பாட்டான ‘கலாங்’ 2003இல் வெறும் 500 தட்டுகளாக வெளிவந்தது. அவர் குரலில் கமகம் கிடையாது, நீளமாக நிற்கும் சுரமும் அரிது. சந்தையில் கூவி விற்பவரின் குரலும், பள்ளிக்கூடத்தில் கைதட்டி விளையாடும் பிள்ளைகளின் குரலும் கலந்தது போன்ற குரல் அது. டெய்ஸியின் குரலும் அதே வகை. இருவரும் சுரத்தில் நிற்பதில்லை, தாளத்தின் மேல் நிற்கிறார்கள்.

இங்கே எங்கள் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டனில் ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகம் பேசப்படும் மொழிகளில் தமிழும் ஒன்று. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பரதநாட்டியம், வயலின், வீணை, மிருதங்கம் என்று அரங்கேற்றங்கள் நடந்தபடியே இருக்கின்றன. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள், பெற்றோர் சேமிப்பைக் கொட்டுகிறார்கள். ஊரையும் நிலத்தையும் இழந்தவர்கள் கலையைக் காப்பாற்றத் தவிக்கும் தவிப்பு அதில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எதைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தபோது நாம் ஒரு பாதியை விட்டுவிட்டோம். உறுமிக்கு அரங்கேற்றம் நடந்து நான் பார்த்ததில்லை. பறை அண்மைக் காலத்தில்தான் போராட்ட ஊர்வலங்கள் வழியாக மரியாதையான இடங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. மிச்சத்தில் வளர்ந்த பெண், நாம் விட்டுவைத்த அந்தப் பாதியை ரியோ வழியாகச் சுற்றிப்போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது.

2006இல் அமெரிக்கா அவருக்கு வேலை விசா தரத் தாமதித்தது. அங்கே பெரிய தயாரிப்பாளர்களோடு செய்ய நினைத்த இரண்டாவது தொகுப்பை அவர் ஊர் ஊராக அலைந்து செய்தார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. தாயின் பெயரால் ‘கலா’ என்று 2007இல் வந்த அந்தத் தொகுப்பை அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் முதல் தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. சென்னையில், ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில், உறுமிக்காரர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பதிவுசெய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமியோடு கோழிகளின் கொக்கரிப்பும் பிள்ளைகளின் கூச்சலும் மோதிக்கொள்கின்றன. ‘பாய்ஸ்’ அதே அடியைக் கரீபியக் கொண்டாட்டத்தோடு பிணைக்கிறது. தொகுப்பின் முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’ 1991இன் ‘தளபதி’ படத்தில் இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

உறுமி விசித்திரமான கருவி. உடுக்கைபோல நடுவில் ஒடுங்கி, இரண்டு முகம் கொண்டது. ஒரு முகத்தில் அடி விழும். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள், தோல் முனகும். அந்த முனகலால்தான் அதற்கு அந்தப் பெயர். கிராமத்துத் தெய்வம் ஆள்மேல் இறங்க அது வேண்டும். நையாண்டி மேளத்திலும் அது உண்டு, சாவு ஊர்வலத்திலும் உண்டு. மலேசியத் தமிழரின் தைப்பூசக் காவடிகளோடு உறுமி மேளமும் முழங்கும். லண்டன் நடன விடுதி ஒன்றின் ஒலிபெருக்கியில் உறுமியின் முனகலைக் கேட்டால் அது ஒரு மின்னணு பேஸ் போலவே இருக்கும், ஏறி இறங்கி வளைந்து போகும். அத்தபாக்கேயைத் தம்போர்சாவ் ஆக்கிய ரியோக்காரர்கள் கண்டுபிடித்ததும் இதையேதான். சாமியை இறக்கும் முழவும் ஆளை ஆடவைக்கும் முழவும் ஒன்று. ‘பக்கி டன் கன்’ இல்லாமல் ‘பேர்ட் ஃப்ளூ’ வந்திருக்காது என்று நான் நம்புவது இதனால்தான். ரியோவின் ஏழைகள் தங்கள் கோவில் முழவை வெட்கமில்லாமல் நடன மேடையில் ஏற்றியதைப் பார்த்த பிறகு, நம்முடையதை ஏற்றாமல் விட அவருக்கு என்ன காரணம் இருந்திருக்க முடியும்?

அதற்குப் பின் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ரஹ்மானோடு செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2009 பிப்ரவரி 8ஆம் தேதி, நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடினார். மூன்று நாளில் மகன் பிறந்தான். 2019இல் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. விருதை ஏற்றதற்கு அவர் சொன்ன காரணம் அவருடைய அம்மா. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அரச பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை செய்தவர் அவர். எங்கள் கார்ஷால்டன் குளங்களில் ஊறி மிச்சம் வழியாக ஓடும் வாண்டில் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் துணியச்சுப் பட்டறைகள் நிறைந்திருந்தன. வில்லியம் மோரிஸ் 1881இல் தன் பட்டறையை மெர்ட்டனில் அந்த ஆற்றங்கரையில்தான் தொடங்கினார். அவருடைய பூ வேலைப்பாடுகளை இன்றும் உலகம் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. அதே ஆற்றங்கரைக் குடியிருப்பில் வாழ்ந்து ஆயிரக்கணக்கான பதக்கங்களைத் தைத்த தமிழ்த் தாயைப் பற்றி, மகள் பாடகியாகியிருக்காவிட்டால், யார் பேசியிருப்பார்கள்?

இந்தக் கேள்வியை மாதங்கியின் இசையிடமும் கேட்க வேண்டும். ‘கலா’வில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் பாடிய பாட்டில் வில்கானியா மாப் என்ற அவர்களுடைய குழுப்பெயர் தலைப்போடு சேர்ந்து நிற்கிறது. ஆஃப்ரிகன் பாய் என்ற லண்டன் நைஜீரிய இளைஞரின் பெயரும் அப்படியே. ‘பேர்ட் ஃப்ளூ’வின் தலைப்போடு எந்த உறுமிக்காரரின் பெயரும் இல்லை. ‘பக்கி டன் கன்’னின் தலைப்பில் டெய்ஸியின் பெயரும் இல்லை. சொற்களுக்கு உரியவர் உண்டு, மெட்டுக்கும் உரியவர் உண்டு, அடி மட்டும் ஊர்ப்பொதுச் சொத்து என்பது இசைத்தொழிலின் பழைய எண்ணம். அடியை உயிராகக் கொண்ட இசைகளுக்கு அந்த எண்ணம் இழைக்கும் அநீதி பெரியது. மாதங்கி அதை உண்டாக்கியவர் அல்லர், பலரைவிடக் கூடுதலாகவே பெயர்களை வெளியே கொண்டுவந்தவர். இருந்தும் அந்த வழக்கத்துக்குள்தான் அவரும் வேலை செய்தார்.

தமிழுக்குள்ளேயே இந்தச் சிக்கல் பிறகு வெடித்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாட்டு வந்தது. தோட்டத் தொழிலாளியான தன் பாட்டியின் நினைவையும் ஒப்பாரி மரபையும் அந்தப் பாட்டில் ராப் பாடகர் அறிவு இறக்கினார். அவரும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டைப் பற்றிப் பேசிய அட்டையில் அறிவின் முகம் இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் குரல் எழுப்பினார்கள், இதழ் பிறகு அறிவை அட்டையில் கொண்டுவந்தது. அந்தச் சண்டை நல்லது. 2007இல் உறுமிக்காரர்களுக்காக அப்படி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் தொகுப்பைப் பெருமையோடு பலருக்குப் போட்டுக் காட்டியபோதெல்லாம், அடிப்பவர் யார் என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை.

ரியோவில் ஃபங்க் இன்று வேறு உயரத்தில் இருக்கிறது. நகரின் வடபகுதியில், ஒனோரியோ குர்ஜெல் என்ற எளிய பேட்டையில், 1993இல் பிறந்தவர் அனிட்டா. பாய்லேக்களில் பாடத் தொடங்கி 2013இல் ‘ஷோ தாஸ் பொதெரோசாஸ்’ பாட்டால் நாடறிந்தார். 2022 மார்ச்சில் அவருடைய ‘என்வால்வேர்’ ஸ்பாட்டிஃபையின் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2024இல் வந்த தொகுப்புக்கு ‘ஃபங்க் ஜெனரேஷன்’ என்றே பெயர் வைத்தார். குற்றம் என்று துரத்தப்பட்ட சத்தம் இப்போது பிரேசில் பெருமையோடு ஏற்றுமதி செய்யும் பொருள்.

டெய்ஸியின் பாதை அப்படி ஏறவில்லை. ‘பக்கி டன் கன்’ உலகைச் சுற்றிய பிறகு அவருக்கு மேடைகள் குறைந்தன. மனச்சோர்வில் விழுந்தார். ரியோ நகரத் தெருக்களைக் கூட்டும் துப்புரவுப் பணியாளராக வேலைக்குப் போனார். அதே ஆண்டுகளில் லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்த எக்காளம் ஒலித்தவுடன் கூட்டம் கைதூக்கி ஆடியது. பல ஆண்டுகள் கழித்து, புதிய தலைமுறை டிஜேக்கள் அவரைத் தேடிப் போனார்கள். 2022இல் அவருடைய தொகுப்பு வெளிவந்தது. ‘ஃபோய் எவ் கே ஃபிஸ்’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். தமிழில் சொன்னால், ‘செய்தது நான்தான்.’